வீடியோ பார்க்கிறார்கள், புத்தகம் எடுப்பதில்லை. பள்ளி நூலகத்தில் என்ன செய்யலாம்?

நூலக மேசை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு பள்ளியில் நூலகர். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாப் பிரிவுகளும் வாரம் ஒரு பீரியட் நூலகத்துக்கு வருவார்கள். அலமாரிகளில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே புத்தகங்கள் இருக்கின்றன, ஆனால் இரவல் பதிவேட்டைப் புரட்டினால் திரும்பத் திரும்ப அதே நாற்பது ஐம்பது புத்தகங்கள்தான் வெளியே போய் வருகின்றன. மற்றவை வாங்கி அடுக்கியதோடு சரி. சில புத்தகங்களைத் திறந்தால் புதுசு வாசனை இன்னும் போகவில்லை.

பிள்ளைகளுக்கு வீடியோ பிடிக்கும், நூலகத்தில் ப்ரொஜெக்டரும் இருக்கிறது, அதை வைத்து ஏதாவது செய்யலாம் என்று இந்த ஆண்டு தொடங்கினேன். முதலில் ஒரு எழுத்தாளரின் பேட்டியை யூடியூபிலிருந்து எடுத்துப் போட்டேன், பன்னிரண்டு நிமிடம். அமைதியாகப் பார்த்தார்கள், கை தட்டினார்கள், மணி அடித்ததும் போய்விட்டார்கள். அந்த எழுத்தாளரின் புத்தகத்தை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒரு கதையின் அனிமேஷன் வடிவத்தைக் காட்டினேன். ரொம்ப ரசித்தார்கள். புத்தகத்தை நீட்டினால் “கதைதான் தெரிஞ்சிடுச்சே மிஸ்” என்று ஒரு பெண் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை, எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

இதை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? எந்த மாதிரி வீடியோ பிள்ளைகளை அலமாரிப் பக்கம் திருப்புகிறது? நாமே எடுக்க வேண்டுமா, இருப்பதையே காட்டினால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

அலமாரி எண் ஏழு

மேடம், அந்தப் பெண் சொன்னதுதான் உங்கள் கேள்விக்கே விடை. கதையை முழுசாகச் சொல்லிவிடும் வீடியோ புத்தகத்தின் வேலையை எடுத்துக்கொண்டுவிடும். அது நல்ல வீடியோவாக இருக்க இருக்க, புத்தகம் தேவைப்படாமல் போகும். நமக்கு வேண்டியது பாதியில் நின்றுபோகிற வீடியோ.

வீடியோ வருவதற்கு ரொம்ப காலம் முன்பே நூலகர்கள் இதை வாயாலேயே செய்துவந்திருக்கிறார்கள். புக் டாக் (book talk), அதாவது புத்தகப் பேச்சு என்பார்கள். வகுப்பின் முன் நின்று ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் பேசுவது. அதன் நுட்பம் முழுக்க எந்த இடத்தில் வாயை மூடுகிறோம் என்பதில் இருக்கிறது. நான் வீடியோ எடுக்கத் தொடங்கியபோதும் அதையேதான் பின்பற்றினேன். கதைச் சுருக்கம் எழுதுவதை விட்டுவிட்டு ஒரே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுப்பேன். ஒரு பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வருகிற பக்கம், அண்ணன் வீட்டை விட்டுப் போன காலையைச் சொல்கிற பக்கம், இந்த மாதிரி. அதைச் சத்தமாகப் படித்து, அடுத்த வரி என்ன என்று மனசு கேட்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன். ஒன்றரை நிமிடம் தாண்டாது.

ஆனால் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன், அதை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆழ்கடல் உயிர்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு வீடியோ எடுத்தேன், நன்றாக வந்தது. காட்டி முடித்ததும் ஒரே வகுப்பில் இருபத்திரண்டு பேர் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரே பிரதி. முதலில் கை நீட்டிய பையன் எடுத்துக்கொண்டு போனான், மற்றவர்கள் பெயரைக் காத்திருப்புப் பட்டியலில் எழுதினேன். மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஆளைக் கூப்பிட்டபோது, எதற்காகக் கூப்பிட்டேன் என்பதே அவனுக்கு நினைவில்லை. ஆசை வந்த நிமிடத்தில் புத்தகம் கையில் இருக்க வேண்டும்.

அதனால் இப்போது எனக்கு ஒரு வழக்கம். நான்கைந்து பிரதி இருக்கிற புத்தகத்துக்குத்தான் தனி வீடியோ. ஒரே பிரதிதான் என்றால், அதோடு சேர்த்துப் படிக்கக்கூடிய வேறு ஆறேழு புத்தகங்களைத் தேடி எடுத்து “இந்தக் கூட்டத்தில் ஒன்று” என்று காட்டுவேன். வீடியோ போடும் முன்பே அந்தப் புத்தகங்கள் மேசையில் பரப்பியிருக்கும், அட்டை தெரிகிற மாதிரி. வீடியோவை பீரியடின் தொடக்கத்திலேயே போட்டுவிடுவேன், கடைசியில் போட்டால் மணி அடித்துவிடும், நீங்கள் சொன்ன மாதிரி கை தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலகத்துக்கான ஐந்து விதிகளை நாம் எல்லோரும் பரீட்சைக்காகப் படித்தோம். அதில் மூன்று: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அந்த வகுப்பில் இருபத்தொரு பேர் வெறுங்கையோடு திரும்பிய அன்றைக்குத்தான் அது எனக்கு உண்மையிலேயே புரிந்தது.

கரும்பலகை

நான் மொழி ஆசிரியர், இருபது வருடமாக வகுப்பெடுக்கிறேன். மேலே சொன்னதை மதிக்கிறேன், ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

வாசிப்பிலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனதே திரைதான். வீட்டில் திரை, சில பள்ளிகளில் வகுப்பறையிலும் திரை. நூலகம் ஒன்றுதான் திரை இல்லாத இடமாக மிச்சம் இருந்தது, அங்கேயும் அதைக் கொண்டுவந்து வைக்கிறோமே என்று தோன்றுகிறது. ஒரு வீடியோ முடிந்தால் மனம் இயல்பாகக் கேட்பது இன்னொரு வீடியோவைத்தான். நான் வகுப்பில் தினமும் பத்து நிமிடம் ஏதாவது ஒரு நாவலிலிருந்து வாசித்துக் காட்டுகிறேன். என் குரல் அவ்வளவு நல்ல குரல் இல்லை. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே படிப்பேன், ஒருவன் ஜன்னலைப் பார்த்தால் வேகத்தை மாற்றுவேன், ஒரு சொல் புரியவில்லை என்று கண் சொன்னால் நிறுத்தி விளக்குவேன். இதை எந்த வீடியோவும் செய்யாது. பாதி நாவல் முடிவதற்குள் நான்கைந்து பேர் “நாங்களே படிச்சுக்கிறோம் சார்” என்று கேட்டு வந்துவிடுவார்கள்.

வீடியோவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நேரில் ஒரு ஆள் புத்தகத்தோடு நிற்க முடிகிற இடத்தில் வீடியோ எதற்கு, அதுதான் என் கேள்வி.

நூலக மேசை

கரும்பலகை சார், நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நேரில் வாசிப்பதற்கு ஈடு கிடையாது. ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். பதினான்கு பிரிவுகள், நான் ஒருத்தி. ஒரு புத்தகத்தைப் பற்றிப் பதினான்கு முறை பேசினால் கடைசி வகுப்புக்குப் போகும்போது எனக்கே உயிர் இருக்காது. அது போக, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் என்ன பரிந்துரைத்தாலும் அது “படிக்கச் சொல்றாங்க” என்ற கணக்கில்தான் சேர்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் போன வாரம் தன் நண்பனிடம் ஒரு புத்தகத்தைப் பற்றி ஏதோ கிசுகிசுத்தான். உடனே அந்த நண்பன் வந்து அதைக் கேட்டான். நான் மாதக்கணக்கில் கண்ணில் படும்படி வைத்திருந்த அதே புத்தகம்! அந்தக் கிசுகிசுப்பை எப்படியாவது பெரிதாக்க முடியுமா என்றுதான் யோசிக்கிறேன்.

அலமாரி எண் ஏழு சார், பிரதி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி.

ஒலியும் ஒளியும்

அந்தக் கிசுகிசுப்பைத்தான் பிடிக்க வேண்டும், சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். நான் வீடியோ எடிட்டிங் செய்கிறவன், என் மகள் படிக்கிற பள்ளியின் நூலகத்துக்கு இரண்டு வருடமாக உதவுகிறேன்.

பிள்ளைகளைப் பேச வையுங்கள், ஆனால் எழுதிக் கொடுத்துப் பேச வைக்காதீர்கள். காகிதத்தில் எழுதி மனப்பாடம் செய்து வந்தால் பேச்சுப் போட்டி மாதிரி ஆகிவிடும். “இந்நூலின் ஆசிரியர் அவர்கள்...” என்று ஆரம்பித்த நொடியில் பார்க்கிறவன் காதை மூடிவிடுவான். நாங்கள் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்போம்: எந்த இடத்தில் உன்னால் நிறுத்த முடியாமல் போனது? அவன் புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தைத் தேடுவான் பாருங்கள், அந்தத் தேடலையும் வெட்டாமல் வைத்துக்கொள்வேன். விரல் பக்கங்களைத் தள்ளுவதும் “இங்கதான்... இல்ல, இதுக்கு முன்னாடி” என்று முனகுவதும் எந்த விளம்பரத்திலும் கிடைக்காது.

டிக்டாக்கில் புக்டாக் (BookTok) என்று புத்தகங்களைப் பற்றி வீடியோ போடுகிற ஒரு பெரிய கூட்டம் உருவானதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேடலின் மில்லர் என்ற எழுத்தாளரின் நாவல் ஒன்று 2011-இல் வெளிவந்தது, பத்து வருடம் கழித்து 2021-இல் அந்த வீடியோக்களால் விற்பனைப் பட்டியலில் மேலே ஏறியது. அந்த வீடியோக்களைப் போட்டவர்கள் பெரும்பாலும் சாதாரண வாசகர்கள், அதில் இளவயதுக்காரர்கள் நிறைய. கதையை விளக்கியதைவிட, படித்து முடித்தபோது தங்களுக்கு என்ன ஆனது என்பதைத்தான் காட்டினார்கள். விமர்சனம் பேசினால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், ஒருத்தி படித்துவிட்டு அழுதிருக்கிறாள் என்றால் அது என்ன புத்தகம் என்று கேட்பார்கள்.

தொழில்நுட்பத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. செல்போன் போதும். படம் கொஞ்சம் மங்கினால்கூடப் பார்ப்பார்கள், சத்தம் தெளிவில்லை என்றால் பார்க்கவே மாட்டார்கள், அதனால் மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள், போனைப் பேசுகிறவருக்குப் பக்கத்தில் வையுங்கள். வெளிச்சத்துக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தால் சரியாகிவிடும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். புத்தகத்தின் அட்டை தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நொடியாவது அசையாமல் தெரியட்டும், எந்த அலமாரி எந்த அடுக்கு என்பதும் கடைசியில் எழுத்தில் வரட்டும். பேசுவதை அதே மொழியில் கீழே எழுத்தாகவும் போடுங்கள். காது கேளாத பிள்ளைக்கும் புரியும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் காதில் விழுந்த சொல் கண்ணிலும் படும்.

அப்புறம், சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். பதிப்புரிமைத் தொல்லை ஒரு பக்கம், வகுப்பே அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிடும் என்பது இன்னொரு பக்கம்.

கரும்பலகை

“எந்த இடத்தில் நிறுத்த முடியாமல் போனது” என்ற கேள்வி நன்றாக இருக்கிறது. நாளை வகுப்பிலேயே கேட்டுப் பார்க்கிறேன், கேமரா இல்லாமல். பிள்ளைகளே எடுக்கிறார்கள் என்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது.

பூட்டும் சாவியும்

நல்லது நல்லது என்று போய்க்கொண்டிருக்கும்போது குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பிள்ளைகளின் முகம் இணையத்தில் வருகிறது என்றவுடன் சில விஷயங்களை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

நாங்கள் ஒருமுறை ஒரு தளத்தில் நல்ல கதை வாசிப்பு வீடியோவைப் போட்டுக் காட்டினோம். அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்தது, குழந்தைகள் பார்க்கவே கூடாத ஒன்று. ஆசிரியர் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். அன்றிலிருந்து ஆட்டோபிளே அணைக்காமல் எதையும் போடுவதில்லை. நாங்களே எடுத்த வீடியோக்களை இணையத்தில் ஏற்றுவதையும் நிறுத்திவிட்டோம். நூலகக் கணினியில் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். நெட் போனாலும் ஓடும்.

இணையத்தில் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், யூடியூபில் “அன்லிஸ்டட்” என்று போட்டாலும் அது பூட்டு கிடையாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தேடினால் கிடைக்காது, ஆனால் லிங்க் கையில் இருக்கிற யாரும் பார்க்கலாம், யாருக்கும் அனுப்பலாம். குழந்தைகளுக்கான வீடியோ என்று குறிக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியிலிருந்து இருக்கிறது, அப்படிக் குறித்தால் கமெண்ட் பகுதி மூடிவிடும். என் கருத்தில் பள்ளிக்கு அது நல்லதுதான். ஒரு பெண் ஆசையாகப் பேசிய புத்தகத்துக்குக் கீழே யாரோ அவள் உச்சரிப்பைக் கிண்டல் செய்தால் அவள் மறுபடி வாயே திறக்க மாட்டாள்.

முகம் காட்டாமலும் எடுக்கலாம். புத்தகமும் கைகளும் குரலும் போதும், பெயர் வேண்டாம், வகுப்பு எண்கூட வேண்டாம். எப்படி எடுத்தாலும் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். பிள்ளை பிறகு வந்து “எடுத்துடுங்க” என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, புத்தகம் முழுவதையும் வாசித்து ஏற்றுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். நோய்த்தொற்றால் 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது பல பதிப்பகங்கள் அதற்குத் தற்காலிகமாக அனுமதி கொடுத்தன, அதையும் தேதி குறிப்பிட்டுத்தான் கொடுத்தன. அதை நிரந்தர உரிமை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழுக்கதை வாசித்துக் காட்ட ஆசை என்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். 2015-இல் தொடங்கியது, தமிழிலும் நிறையக் கதைகள் உண்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களையும் உரிமத்தையும் சரியாகக் குறிப்பிட்டு வாசிக்கலாம்.

கடைசி பெஞ்ச்

எல்லோரும் வீடியோவைப் பார்க்கிற பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு எடுக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் நூலகத்தில் ஒரு பையன், ஏழாம் வகுப்பு, ஒரு புத்தகம்கூட எடுத்ததில்லை. நூலக பீரியட் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து மேசையைத் தட்டிக்கொண்டிருப்பான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், அது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே படிக்காமல் இருந்தான் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. வீடியோ எடுக்கப்போகிறோம் என்றதும் “நான் கேமரா பிடிக்கிறேன்” என்று முன்னால் வந்தான். சரி என்றேன், ஆனால் எந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும் என்றேன். நாற்பது நொடி வீடியோவுக்கு அவன் அந்தச் சின்னப் புத்தகத்தை மூன்று முறை படித்தான். முதல் முறை கதை தெரிய, இரண்டாம் முறை எங்கே நிறுத்தலாம் என்று பார்க்க, மூன்றாம் முறை தான் தேர்ந்தெடுத்தது சரிதானா என்று பார்க்க. பேச வந்த பெண்ணிடம் “இந்த வரியைச் சொல்லிடாத, சொன்னா முடிவு தெரிஞ்சிடும்” என்று சண்டை போட்டான். இருபது கேள்வி பதில் எழுத வைத்திருந்தாலும் அந்த வரிதான் கதையின் முடிச்சு என்று அவனிடமிருந்து வந்திருக்காது.

பார்ப்பதால் எத்தனை பேர் வாசகர் ஆகிறார்கள் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். எடுப்பதால் ஆகிறார்கள், கண்ணால் பார்த்துவிட்டேன். அதனால் வீடியோ சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஆள் மாறி மாறி வரட்டும். நன்றாகப் பேசுகிற அதே மூன்று பிள்ளைகளை வைத்தே எல்லாவற்றையும் எடுத்தால் வீடியோ அழகாக வரும், நூலகத்துக்கு ஒரு பயனும் இருக்காது.

பிடிக்காத புத்தகத்தைப் பற்றியும் பேச விடுங்கள். “முப்பதாம் பக்கத்தோட விட்டுட்டேன், ஏன்னா...” என்று ஒருத்தி சொன்ன வீடியோவுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை ஆறு பேர் எடுத்தார்கள், அவள் சொன்னது சரியா என்று பார்க்க. அது மட்டுமில்லை, பிடிக்கவில்லை என்று சொல்ல இடம் இருந்தால்தான் பிடித்தது என்று சொல்வதை மற்றவர்கள் நம்புவார்கள். லைக் எண்ணிப் பரிசு கொடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே மாதத்தில் எல்லோரும் ஒரே மாதிரி கத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

அலமாரி எண் ஏழு

கடைசி பெஞ்ச் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. அமெரிக்காவில் ‘ரீடிங் ரெயின்போ’ என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி 1983-இல் தொடங்கி 2006 வரை வந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் வாசிப்பை விட்டுவிடக் கூடாது என்ற கவலையில் தொடங்கியது. அதில் ஒவ்வொரு பகுதியிலும் கடைசியில் குழந்தைகளே வந்து தாங்கள் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். நடத்துகிறவர், என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். நூலகரும் ஆசிரியரும் எங்கே ஒதுங்க வேண்டும் என்பதற்கு நான் நினைத்துப் பார்ப்பது அதைத்தான். விடுமுறைக்கு முந்தின வாரம் இப்படி நான்கைந்து வீடியோ காட்டி, கேட்கிற புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் பாருங்கள். தொலைந்துபோகும் என்று பயப்படாதீர்கள், இரண்டு மூன்று தொலையும்தான், கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

நூலக மேசை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் செய்யப்போவது இதுதான். முதலில் நான்கு பிரதிக்கு மேல் இருக்கிற, ஆனால் யாரும் தொடாத புத்தகங்களைத் தேடி எடுத்தேன், பதினேழு தேறின. கிசுகிசுத்த எட்டாம் வகுப்புப் பையனிடமும் “கதைதான் தெரிஞ்சிடுச்சே” என்று சொன்ன பெண்ணிடமும் பேசினேன். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முகம் வேண்டாம், கையும் குரலும் மட்டும் என்று முடிவு. சம்மதக் கடிதம் பெற்றோருக்குப் போய்விட்டது. ஒரு கியூஆர் கோடு அச்சடித்து ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒட்டலாமா என்று யோசித்தேன், பிறகு பிள்ளைகளிடம் பள்ளியில் போன் கிடையாதே என்று விட்டுவிட்டேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணப்போவதில்லை, இரவல் பதிவேட்டில் அந்தப் பதினேழு புத்தகங்களுக்கு எதிரே பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு சின்ன சந்தேகம். அறிவியல், வரலாறு மாதிரி கதை இல்லாத புத்தகங்களுக்கு எங்கே நிறுத்துவது?

கடைசி பெஞ்ச்

கேள்வியில் நிறுத்துங்கள் மேடம். “ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். அது நீந்தும்போது அதில் ஒன்று துடிப்பதை நிறுத்திவிடும். ஏன்?” அவ்வளவுதான், பக்கத்தைக் காட்டாமல் புத்தகத்தை மூடிவிடச் சொல்லுங்கள். கிசுகிசுத்த உங்கள் எட்டாம் வகுப்புப் பையனையே கேமரா பிடிக்கச் சொல்லுங்கள், எங்கே மூட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

கரும்பலகை

நூலக மேசை அவர்களே, முதல் வீடியோவைக் காட்டியதும் இங்கே வந்து எழுதுங்கள். நான் இன்று வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒன்பது பேர் கை தூக்கினார்கள், பீரியட் முடிந்தும் இரண்டு பேர் பேசி முடிக்கவில்லை. நாளைக்கு அவர்கள் இருவரையும் எங்கள் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், என் செல்போனையும் எடுத்துக்கொண்டு.